ஸ்டீம் வால்வு மூடியும் பாஸ் ஆகிறது, நாளை கழற்றணும், அவசரம்!

பிறைப் பையன் | செவ்வாய், இரவு 9.12
வணக்கம் அண்ணன்மார்களே. எங்கள் ஆலையில் ஸ்டீம் கண்ட்ரோல் வால்வு பாஸ் ஆகிறது, அதாவது மூடிய பிறகும் ஸ்டீம் கசிந்து போகிறது. கண்ட்ரோல் ரூமில் பூஜ்யம் காட்டுகிறது, ஆனால் டேங்க் சூடு ஏறிக்கொண்டே போகிறது. நாளை காலை 10 மணிக்கு லைன் நிற்கும், மதியத்துக்குள் முடித்துவிடு என்கிறார் மேனேஜர். வழக்கமாக வரும் காண்ட்ராக்டரிடம் ஆள் இல்லையாம். மேலே காளான் மாதிரி இருக்கும் பகுதியின் போல்ட்டுகளை எல்லாம் கழற்றினால் உள்ளே சீட் தெரியுமா? என்ன சைஸ் ஸ்பானர்?

பாகான் ராஜா | 9.20
என்ன பிராண்ட்? எத்தனை இஞ்ச்? ஸ்டீம் எத்தனை பார்? காற்று போனால் திறக்குமா, மூடுமா? ஒன்றுமே சொல்லாமல் ஸ்பானர் சைஸ் கேட்டால் நான் என்ன ஜோசியரா?

செல்வி, இன்ஸ்ட்ருமெண்ட் | 9.26
தம்பி, அந்தக் காளானைத் தொடாதீர்கள். அது ஆக்சுவேட்டரின் (காற்றழுத்தத்தால் வால்வை நகர்த்தும் பகுதி) டயாஃப்ரம் கேஸ். பல மாடல்களில் ஸ்பிரிங் அதற்குள்தான் அழுத்தி வைக்கப்பட்டிருக்கும். ஏர் லைனைக் கழற்றிவிட்டாலும் அந்த அழுத்தம் போகாது. போல்ட்டுகளை வரிசையாக எடுத்துக்கொண்டே போனால் கடைசி ஒன்றிரண்டு தாங்காமல் மூடி முகத்துக்கு நேராகப் பறக்கும்.

அதோடு, சீட் அங்கே இல்லை. வழியை அடைக்கும் பிளக்கும் அது போய் உட்காரும் சீட்டும் கீழே வால்வு பாடிக்குள். அதைப் பார்க்க கேஸைத் திறக்கவே தேவையில்லை. ஸ்டெம் (பிளக்கை நகர்த்தும் தண்டு) கப்ளிங்கைப் பிரித்து, ஆக்சுவேட்டரைப் பிடித்திருக்கும் யோக் நட்டைக் கழற்றினால் ஆக்சுவேட்டர் முழுசாக வந்துவிடும். ஆனால் முதலில் ராஜா கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள்.

வால்வு வாத்தியார் | 9.41
இதே கேள்விக்கு இங்கே பலமுறை பதில் எழுதியிருக்கிறேன். தேடிப் படிக்கிற பழக்கம்தான் இந்தத் தலைமுறைக்குக் கிடையாது. கேஸில் எதிரெதிராக இரண்டு மூன்று நீள போல்ட் இருக்கும், அவற்றைக் கடைசியாகச் சமமாகத் தளர்த்த வேண்டும் என்பது அரிச்சுவடி. முன்னால் வேலை பார்த்த புண்ணியவான் நீள போல்ட்டைத் தொலைத்துவிட்டுக் குட்டை போல்ட் போட்டிருந்தால்? மேனுவல் கையில் இல்லாதவன் ஸ்பானரைத் தொடக்கூடாது. அவ்வளவுதான்.

கிளாங் மணி | 9.48
ஏர்தான் பிரச்சினை. ஃபில்டர் ரெகுலேட்டரில் தண்ணீர் நிற்கும். ட்ரெயின் பண்ணுங்கள், சரியாகிவிடும்.

பிறைப் பையன் | 9.55
சாரி அண்ணே. 2 இஞ்ச், 7 பார். காற்று போனால் மூடும். பிளேட் மேல் பெயிண்ட் அடித்துவிட்டார்கள், பிராண்ட் தெரியவில்லை. வேலைக்கான பெர்மிட் காலையில்தான் போடுவார்கள்.

செல்வி, இன்ஸ்ட்ருமெண்ட் | 10.10
சரி. காற்று போனால் மூடும் என்றால், பூஜ்யத்தில் பொசிஷனரின் (ஆக்சுவேட்டருக்குப் போகும் காற்றை அளந்து விடும் கருவி) அவுட்புட் கேஜும் பூஜ்யத்துக்கு வர வேண்டும். கொஞ்சம் காற்று மிஞ்சினாலும் ஸ்பிரிங்கின் முழு பலம் சீட்டில் இறங்காது. ஹேண்ட்வீல் இருந்தால் அது பிளக்கைத் தாங்கிப் பிடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டுக்கும் ஸ்பானர் வேண்டாம்.

கப்ளிங்கைப் பிரிக்கும் கட்டம் வந்தால், தனி ரெகுலேட்டரில் கொஞ்சமாகக் காற்று கொடுத்துப் பிளக்கைச் சீட்டிலிருந்து தூக்கிவிட்டுப் பிரியுங்கள். சீட்டில் உட்கார்ந்திருக்கும்போது ஸ்டெம்மைத் திருப்பினால் சீட் முகம் கீறிப்போகும். காற்று இருக்கும்வரை ஸ்டெம் பக்கம் விரல் போகக்கூடாது.

பாகான் ராஜா | 10.18
பைபாஸ், அதாவது கண்ட்ரோல் வால்வைச் சுற்றிப் போகும் லைனும் அதன் வால்வும், இருக்கிறதா? அதைப் பற்றி மூச்சே விடவில்லையே.

பிறைப் பையன் | 10.21
இருக்கிறது. மூடித்தான் இருக்கிறது.

பாகான் ராஜா | 10.33
மூடியிருக்கிறது வேறு, அடைக்கிறது வேறு. லைன் நிற்பதற்கு முன்னாலேயே பாருங்கள், ஸ்டீம் நின்றுவிட்டால் ஒன்றும் தெரியாது. கண்ட்ரோல் வால்வுக்கு முன்னும் பின்னும் உள்ள கேட் வால்வு இரண்டையும் மூடுங்கள். அப்புறமும் டேங்க் சூடு ஏறினால் ஆள் பைபாஸ்தான். பிறையில் பாதி ஆலைகளில் கதை இதுதான். கண்ட்ரோல் வால்வைக் கழற்றி, சீட்டைத் தேய்த்து லேப்பிங் போட்டு, மாட்டிய பிறகும் சூடு ஏறும்.

வால்வு வாத்தியார் | 10.40
கேட் வால்வும் பாஸ் ஆனால்? நடுவில் உள்ள ட்ரெயினைத் திறந்து பார்க்க வேண்டும் என்பதைச் சொல்ல மறந்துவிட்டீர்கள். ஸ்டீம் தொடர்ந்து வந்தால் கேட் பிடிக்கவில்லை. அந்த நிலையில் போனட்டை (வால்வு பாடியின் மூடி) திறப்பது தற்கொலை. எதற்கும் ஸ்டெம்மைச் சுற்றியுள்ள பேக்கிங்கை அழுத்தும் கிளாண்டைப் பாருங்கள், ஒழுகுகிறது என்று எவனாவது இறுக்கித் தள்ளியிருப்பான். ஸ்டெம் மாட்டிக்கொண்டு முழுசாக இறங்காது. பழைய பேக்கிங்கை எடுத்துவிட்டு கிராஃபைட் போடுங்கள். ஸ்டீமுக்கு கிராஃபைட்தான்.

கிளாங் மணி | 10.47
டெஃப்லான் போதும் சார். 7 பார் ஸ்டீம் 170 டிகிரிதான். டெஃப்லான் வி-ரிங் 230 வரை தாங்கும்.

வால்வு வாத்தியார் | 10.52
தம்பி, நீங்கள் பிறப்பதற்கு முன்னாலேயே நான் பாய்லர் ஹவுஸில் நின்றவன்.

செல்வி, இன்ஸ்ட்ருமெண்ட் | 10.58
சார், ஸ்டெம் மாட்டுகிறது என்கிறீர்கள், உராய்வு அதிகமான கிராஃபைட்டையே போடச் சொல்கிறீர்கள். அப்புறம் வால்வு விக்கி விக்கி நகரும், டேங்க் சூடு ஊஞ்சலாடும். மணி சொல்வது சரி. ஏர் விஷயத்தில் இல்லை, இதில் மட்டும்.

வால்வு வாத்தியார் | 11.06
சூப்பர்ஹீட் (அந்த அழுத்தத்துக்கு உரியதைவிட அதிகச் சூடான ஸ்டீம்) வந்தால் டெஃப்லான் என்ன ஆகும் என்று யோசித்தீர்களா?

கிளாங் மணி | 11.09
அந்தப் பையன் சூப்பர்ஹீட் என்று எங்கே சொன்னான்?

(இந்தச் சண்டை இன்னும் ஏழெட்டுப் பதிவுகள் ஓடியது. பழைய பேக்கிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், உலர்வாகச் சுரண்டாதே என்று ராஜா நடுவில் போட்ட பதிவை யாரும் கண்டுகொள்ளவில்லை.)

செல்வி, இன்ஸ்ட்ருமெண்ட் | புதன், காலை 6.50
பிறைத் தம்பி, போனட்டைத் திறந்தே ஆக வேண்டும் என்றால்: கேட் வால்வுகளை யாரும் திறக்காதபடி லாக் போட்டு, ட்ரெயின் திறந்து, தொடும் அளவுக்கு ஆறவிடுங்கள். கேஜ் பூஜ்யம் காட்டினாலும் உள்ளே கொதிநீர் தேங்கியிருக்கும். நட்டுகளை முழுசாக எடுக்காமல் ஒரு 3 மில்லிமீட்டர் தளர்த்தி, உங்களுக்கு எதிர்ப்பக்கமாக முதலில் அசைத்துப் பாருங்கள். ஒன்றும் வரவில்லை என்றால் மட்டும் மீதி. கேஸ்கெட் புதிசு வாங்கி வையுங்கள், ஸ்பைரல் கேஸ்கெட்டைத் திரும்பப் போடக்கூடாது.

மேனேஜர் அவசரப்படுத்தினால் ஒன்று தெரிந்திருக்கட்டும். 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ள திருத்தத்தின்படி, மலேசியாவின் 1994 தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்திலேயே, உடனடி ஆபத்து என்று நியாயமாக நம்பினால், சொல்லியும் முதலாளி அதை நீக்கவில்லை என்றால், தொழிலாளி அங்கிருந்து விலகலாம். சண்டைக்கு இல்லை, பேசும்போது கையில் இருக்கட்டும்.

பாகான் ராஜா | புதன், இரவு 8.05
என்ன ஆச்சு தம்பி? இருக்கிறீர்களா?

பிறைப் பையன் | வெள்ளி, பகல் 1.15
பைபாஸ்தான் அண்ணே. இரண்டு கேட்டும் பிடித்தது, ட்ரெயினில் ஒன்றும் வரவில்லை, சூடு மட்டும் ஏறியது. பைபாஸை மாற்றிவிட்டார்கள். கண்ட்ரோல் வால்வைத் தொடவில்லை. எல்லாருக்கும் நன்றி, ஷிஃப்ட் ஓடுகிறது.

செல்வி, இன்ஸ்ட்ருமெண்ட் | 1.22
நல்லது. அவுட்புட் கேஜ் பூஜ்யத்துக்கு வந்ததா?

வால்வு வாத்தியார் | 1.40
பைபாஸில் என்ன பேக்கிங் போட்டார்கள்?

கிளாங் மணி | 2.03
ஃபில்டரை ட்ரெயின் பண்ணினீர்களா இல்லையா?