எம்ஜிபி-யில் எம்எக்ஸ்-5 எஞ்சின் போட்டபின் 85-ஐத் தாண்டினால் தரை உறுமுகிறது, உதவி தேவை

ரோட்ஸ்டர்72:
வணக்கம். வண்டி 1972 எம்ஜிபி ரோட்ஸ்டர், கூரை திறக்கும் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். பழைய 1798 சிசி பி-சீரிஸ் எஞ்சினை இறக்கிவிட்டு 1995 மாஸ்டா எம்எக்ஸ்-5-ன் 1.8 எஞ்சினையும், அதோடு வந்த 5 கியர் பாக்ஸையும் ஏற்றியிருக்கிறேன். பின் ஆக்சில் பழசுதான், 3.909 விகிதம், லீஃப் ஸ்பிரிங். கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொபெல்லர் ஷாஃப்ட் மட்டும் புதிதாகச் செய்தது, முன்னால் மாஸ்டா யோக் (ஜாயின்ட்டைப் பிடிக்கும் கவை), பின்னால் எம்ஜி ஃபிளாஞ்ச் (போல்ட் போட்டு இணைக்கும் தட்டு).

எஞ்சின் அருமையாக ஓடுகிறது, ஸ்டார்ட், ஐடில், இழுவை எதிலும் குறையில்லை. பிரச்சினை வேகத்தில்தான். 80 கி.மீ. வரை சத்தமே இல்லை. 85-ல் தொடங்கி 90, 95-ல் சீட்டுக்கு அடியில், டனலுக்குள் (ஷாஃப்ட் போகும் நடுத் தரை மேடு) இருந்து ஒரு உறுமல். உள் கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி கலங்கித் தெரிகிறது. ஸ்டீயரிங் கொஞ்சமும் ஆடவில்லை. ஸ்பீடோமீட்டர் இப்போது பொய் சொல்வதால் வேகம் எல்லாம் ஃபோன் காட்டியது.

இதுவரை செய்தது: எஞ்சின் மவுண்ட் ரப்பரை மாற்றினேன், ஷாஃப்ட்டை இரண்டு முறை பேலன்ஸ் பார்த்தேன், நான்கு சக்கரமும் பேலன்ஸ் (வயர் வீல் இல்லை, ரோஸ்டைல் என்ற இரும்புச் சக்கரம்), ஷாஃப்ட்டின் இரு முனையிலும் வளைந்து கொடுக்கும் யுனிவர்சல் ஜாயின்ட் இரண்டும் புதுசு. அடுத்து ஃபிளைவீலும் கிளட்சும்தான் மிச்சம் என்று தோன்றுகிறது. எட்டு மாதம் குனிந்து வேலை பார்த்த முதுகு, எஞ்சினை மறுபடி இறக்க மனசு வரவில்லை. யாராவது வழி சொல்லுங்கள்.

பழையஇரும்பு:
பி-சீரிஸை அப்படியே விட்டிருந்தால் இந்தத் தலைவலியே வந்திருக்காது. 95 குதிரைத்திறன் அந்த வண்டிக்குப் போதும். சொன்னால் யார் கேட்கிறார்கள்.

கிரீஸ்கை:
எம்ஜி கம்பெனியே 1973-ல் அதே உடலுக்குள் ரோவர் வி8-ஐத் திணித்து விற்றது அண்ணே, இவர் ஒன்றும் புதிதாகப் பாவம் செய்யவில்லை.

ரோட்ஸ்டர், எஞ்சினைத் தொடாதீர்கள். முதலில் ஒரு சோதனை, ஒரு பைசா செலவில்லை. ஆள் இல்லாத நேரான சாலையில் 100-க்குப் போய், நியூட்ரலில் தள்ளி, எஞ்சினை ஐடிலில் விட்டு வண்டியைத் தானாக உருள விடுங்கள். 95, 90-ல் உறுமல் அப்படியே இருந்தால் எஞ்சின், கிளட்ச், ஃபிளைவீல் மூன்றும் நிரபராதி. அப்புறம் வண்டி நிற்கும்போது ஆக்சிலேட்டரை மிதித்து 2500, 3000 ஆர்பிஎம்-ல் பிடித்துப் பாருங்கள். அங்கே அமைதியாக இருந்தால் சந்தேகமே இல்லை.

இன்னொன்று, இந்தச் சோதனை எதையும் நாலாவது கியரில் செய்து ஏமாறாதீர்கள். அந்த கியர்பாக்ஸில் நாலாவது நேர் இணைப்பு, எஞ்சினும் ஷாஃப்ட்டும் ஒரே வேகத்தில் சுற்றும். எது அதிர்கிறது என்று பிரிக்கவே முடியாது. ஐந்தாவது 0.814, அதில் எஞ்சின் மெதுவாகச் சுற்றும், வித்தியாசம் தெரியும்.

ரோட்ஸ்டர்72:
இன்று காலை பார்த்தேன். நியூட்ரலில் உருளும்போதும் அதே 95-லிருந்து 87 வரை உறுமல், அதற்குக் கீழே வந்ததும் சுவிட்சை அணைத்த மாதிரி நின்றது. நிற்கும்போது 3500 வரை ஏற்றினேன், டம்ளர் தண்ணீர் வைத்தால்கூட அசையாது. அப்போ எஞ்சின் இல்லை. ஆனால் ஷாஃப்ட்டை இரண்டு முறை பேலன்ஸ் பார்த்தாயிற்றே? செய்து கொடுத்தவர் நேராகத்தான் இருக்கிறது என்று சத்தியம் செய்கிறார்.

லேத்காரன்:
நான் ஷாஃப்ட் செய்பவன், அவர் பக்கம் கொஞ்சம் பேசுகிறேன். பேலன்ஸ் மெஷினில் ஷாஃப்ட் நேர்கோட்டில் சுற்றும். உங்கள் வண்டியில் அது கோணத்தில் சுற்றுகிறது. மெஷினில் சரியாக இருப்பது வண்டியில் சரியாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

ஒரு கணக்கு போடுங்கள். 165 அகலம், 14 அங்குல டயர், ஒரு சுற்றுக்குத் தோராயமாக 1.9 மீட்டர். 90 கி.மீ. என்றால் வினாடிக்கு 25 மீட்டர், சக்கரம் வினாடிக்கு 13 சுற்று. 3.909 மடங்கு என்றால் ஷாஃப்ட் வினாடிக்கு 51 சுற்று. சக்கரம் பேலன்ஸ் இல்லை என்றால் வினாடிக்கு 13 அதிர்வு, அது உடம்பைக் குலுக்கும், உறுமாது. ஷாஃப்ட் பேலன்ஸ் தப்பு என்றால் 51. ஜாயின்ட் கோணம் தப்பு என்றால் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை, அதாவது 102. ஃபோனில் ஒலியின் அலைவரிசையைக் காட்டும் செயலி ஒன்றைப் போட்டு, டனல் மேல் வைத்து, யாரையாவது பக்கத்தில் உட்காரவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஓட்டிக்கொண்டே நீங்கள் பார்க்க வேண்டாம்.

அப்படியே வண்டிக்கு அடியில் போய் ஷாஃப்ட்டின் இரண்டு முனையில் உள்ள யோக்கும் ஒரே வரிசையில் நிற்கிறதா பாருங்கள். ஒன்று படுத்தும் ஒன்று நின்றும் இருந்தால் என் தொழில்காரர் தப்பு, நானே ஒத்துக்கொள்கிறேன்.

ஸ்பேனர்13:
இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். என்னுடையதும் எஞ்சின் மாற்றிய வண்டிதான், வேறு மாடல். செல்ஃப் மந்தமாகச் சுற்றுகிறது, நாலைந்து முறை முயன்றால் ஆக்சிலேட்டர் கேபிள் தொட முடியாத அளவு சுடுகிறது, நேற்று அதன் மேலுறை உருகிப் புகை வந்தது. கேபிள் எக்ஸாஸ்டிலிருந்து ஒரு அடி தள்ளித்தான் போகிறது. இது என்ன மாயம்?

கிரீஸ்கை:
ஸ்பேனர், உங்கள் எஞ்சினுக்கு எர்த் இல்லை. எஞ்சின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது, பாடிக்கும் அதற்கும் தொடர்பு அறுந்துவிட்டது. ஸ்டார்ட்டர் இழுக்கும் மின்சாரம் முழுவதும் திரும்பிப் போக வழி தேடி அந்த ஒல்லிக் கேபிள் வழியாகப் போகிறது. எஞ்சின் பிளாக்கிலிருந்து பாடிக்குத் தடிமனான எர்த் பட்டை ஒன்று போடுங்கள், இரண்டு பக்கமும் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு. போட்டபின் செல்ஃப் சுற்றும்போது பிளாக்குக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே மீட்டர் வைத்தால் அரை வோல்ட்டுக்கும் கீழே இருக்க வேண்டும். அதுவரை ஸ்டார்ட் செய்யாதீர்கள், கேபிள் ஒட்டிக்கொண்டால் ஆக்சிலேட்டர் திறந்தபடி நின்றுவிடும்.

ரோட்ஸ்டர்72:
தம்பி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தான். 90-ல் உச்சி நிற்பது 100-ஐ ஒட்டி. 51-ல் சின்ன மேடு மட்டும். யோக் இரண்டும் ஒரே வரிசை, உங்கள் தொழில்காரர் தப்பித்தார்.

கோணம் அளக்க காந்தம் வைத்த டிஜிட்டல் மட்டம் ஒன்று கடன் வாங்கினேன். சேஸிஸை ஸ்டாண்டில் நிறுத்தி அளந்தேன். கியர்பாக்ஸ் வால் பக்கம் 6 டிகிரி கீழே சாய்ந்திருக்கிறது, ஷாஃப்ட் 9 டிகிரி சாய்வு, பினியன் மூக்கு (பின் ஆக்சிலில் ஷாஃப்ட் வந்து சேரும் முனை) கிட்டத்தட்ட நேர். இதை வைத்து என்ன செய்ய?

கிரீஸ்கை:
ஒன்றும் செய்யாதீர்கள், அளந்ததே தப்பு. சேஸிஸில் ஸ்டாண்ட் வைத்தால் பின் ஆக்சில் தொங்கும், ஷாஃப்ட்டும் கூடவே கீழே இறங்கும். வண்டி தன் சக்கரத்தில், தன் எடையில் நிற்க வேண்டும். நாலு சக்கரத்தையும் ஒரே உயரச் சாய்வு மேடைகளில் ஏற்றுங்கள், டேங்க் பாதி, ஓட்டுநர் சீட்டில் உங்கள் எடைக்கு ஏதாவது. தரை மட்டமாக இல்லாவிட்டாலும் கவலையில்லை, நமக்கு வேண்டியது வித்தியாசம்தான்.

கியர்பாக்ஸுக்கு கிராங்க் புல்லியின் முகத்தில் வையுங்கள், ஷாஃப்ட்டுக்கு குழாய் மேல், பினியனுக்கு ஃபிளாஞ்ச் முகத்தில். பெயின்ட் கட்டி, துரு எதன் மேலும் வைக்காதீர்கள், அரை டிகிரி அங்கேயே போய்விடும்.

கியர்பாக்ஸ் 6 டிகிரி என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. பின் மவுண்ட்டை எப்படிச் செய்தீர்கள்?

ரோட்ஸ்டர்72:
சரியாக அளந்தது: கியர்பாக்ஸ் 6, ஷாஃப்ட் 1.5, பினியன் மூக்கு மேல்நோக்கி 1.

மவுண்ட் நானே செய்தது. எம்எக்ஸ்-5-ல் கியர்பாக்ஸுக்கு என்று பின்னால் தனி மவுண்ட்டே கிடையாதே, கியர்பாக்ஸையும் டிஃபரன்ஷியலையும் பவர் பிளான்ட் ஃபிரேம் என்ற நீள அலுமினியச் சட்டம் ஒன்றாகக் கட்டிப்போட்டிருக்கும். அந்தச் சட்டத்துக்கு என் வண்டியில் வேலையில்லை. அது பிடிக்கும் போல்ட் துளைகளிலேயே ஒரு பிராக்கெட் பிடித்து, குறுக்குச் சட்டம் வைத்து ரப்பரில் உட்கார வைத்தேன். கியர் லிவர் அடிப்பகுதி டனல் கூரையில் இடித்தது. பாடியை வெட்ட மனசில்லை, பழைய எஞ்சினை என்றைக்காவது திரும்பப் போடலாம் என்று எண்ணெய் விட்டு மூடி வைத்திருக்கிறேன். அதனால் வால் பக்கத்தை இடிக்காத அளவுக்கு இறக்கிவிட்டேன்.

லேத்காரன்:
அகப்பட்டது. முன் ஜாயின்ட் கோணம் 6-லிருந்து 1.5 போக 4.5. பின் ஜாயின்ட் 1.5-லிருந்து 1 போக அரை டிகிரி.

யுனிவர்சல் ஜாயின்ட் கோணத்தில் சுற்றும்போது வெளியே வரும் வேகம் சீராக இருக்காது, ஒரு சுற்றுக்குள் இரண்டு முறை முந்தும், இரண்டு முறை பிந்தும். பின் ஜாயின்ட் அதே அளவு கோணத்தில் இருந்தால் அது முந்துவதைப் பிந்தவைத்துச் சரிக்கட்டிவிடும். உங்களிடம் முன்னால் 4.5 கிளப்பிவிடுவதைப் பின்னால் அரை டிகிரி எப்படிச் சரிக்கட்டும்? மிச்சம் எல்லாம் பினியனில் போய் முட்டுகிறது, தரை உறுமுகிறது. இரண்டு கோணமும் 3-க்குள், வித்தியாசம் 1-க்குள் கொண்டுவாருங்கள். பூஜ்யமாக்கிவிடவும் வேண்டாம், ஊசி பேரிங் அசையாமல் ஒரே இடத்தில் தேய்ந்து பள்ளம் விழும்.

கிரீஸ்கை:
செய்முறை. வாலை எவ்வளவு ஏற்ற முடியுமோ ஏற்றுங்கள். அப்புறம் ஆக்சிலுக்கும் லீஃப் ஸ்பிரிங்குக்கும் நடுவே ஆப்பு. எம்ஜிபி-யில் ஆக்சில் ஸ்பிரிங் மேல் உட்கார்ந்திருப்பதால் தடித்த பக்கம் முன்னால் வர வேண்டும், அப்போதுதான் பினியன் மூக்கு மேலே எழும். அலுமினிய ஆப்பு வேண்டாம், நசுங்கும், இரும்பே வாங்குங்கள். நடு போல்ட்டின் தலை ஆப்பைத் தாண்டி ஆக்சில் பேடின் குழியில் முழுதாக உட்காருகிறதா பாருங்கள், இல்லையென்றால் நீள போல்ட். பிரேக் ஹோஸ் இழுபடாமல் இருக்க வேண்டும்.

ஒன்றை மாற்றினால் ஷாஃப்ட் சாய்வும் மாறும், அதனால் ஒவ்வொரு முறையும் மூன்றையும் அளக்க வேண்டும். பினியனைக் கியர்பாக்ஸுக்கு முழுக்க இணையாக வைக்காமல் அரை, முக்கால் டிகிரி குறைவாக விடுங்கள், மிதித்தால் ஸ்பிரிங் முறுக்கி மூக்கு தானே மேலே வரும். யோக் கியர்பாக்ஸுக்குள் முட்டி நிற்காமல் இரண்டு சென்டிமீட்டராவது இடம் இருக்கட்டும்.

ரோட்ஸ்டர்72:
இரண்டு வாரம் கழித்து வருகிறேன். டனலை வெட்டவில்லை, கியர் லிவர் ஓட்டையின் உள் விளிம்பை மட்டும் சுத்தியலால் மடித்தேன். 20 மில்லிமீட்டர் கிடைத்தது, அதற்கு மேல் தொட்டது. பின்னால் 3 டிகிரி ஆப்பு. ஒரு பக்கம் முதல் தடவை திருப்பி வைத்துவிட்டேன், யூ-போல்ட் கோணலாக நின்றபோதுதான் புத்தி வந்தது.

இப்போது கியர்பாக்ஸ் 4.7, ஷாஃப்ட் 1.9, பினியன் 4. முன்னால் 2.8, பின்னால் 2.1.

90-ல் ஒன்றுமே இல்லை. கண்ணாடியில் பின்னால் வந்த வண்டியின் நம்பர் படிக்க முடிந்தது. எனக்கு ஆப்பு வைத்து நல்லது நடந்தது இதுதான் முதல் தடவை. மூன்றாவது கியரில் முழுக்க மிதித்தால் மட்டும் ஒரு வினாடி லேசாக உறுமிவிட்டு அடங்குகிறது.

கிரீஸ்கை:
அது ஸ்பிரிங் முறுக்குவது. எத்தனை வயசு ஸ்பிரிங்?

ரோட்ஸ்டர்72:
வண்டியோடு வந்தது என்று நினைக்கிறேன்.

கிரீஸ்கை:
95 குதிரைக்குச் செய்தது, 130-ஐ வாங்கிக்கொண்டிருக்கிறது. ஸ்பிரிங்கையும் அதன் ரப்பர் பேடுகளையும் மாற்றுங்கள், மாற்றியபின் உயரம் மாறும், கோணத்தை மறுபடி அளக்க வேண்டும். அதற்குள் யூ-போல்ட்டை ஒருமுறை இறுக்கிவிடுங்கள், ஆப்பு வைத்தது கொஞ்சம் அமரும்.

ஸ்பேனர்13:
எர்த் பட்டை போட்டேன், செல்ஃப் ஒரே சுற்றில் பிடிக்கிறது. மீட்டரில் 0.15. பழைய பட்டை எஞ்சினை இறக்கும்போது பழைய கியர்பாக்ஸோடு போய்விட்டது, அது ஷெட் மூலையில் கிடக்கிறது, பட்டையும் அதிலேயே தொங்குகிறது.

பழையஇரும்பு:
ரோட்ஸ்டர், அந்த பி-சீரிஸை விற்பதாக இருந்தால் சொல்லுங்கள்.

ரோட்ஸ்டர்72:
விற்க மாட்டேன் அண்ணே. கிரீஸ்கை அண்ணா, யூ-போல்ட் பார்த்தேன், நாலிலும் கால் சுற்று ஏறியது.