புதுப்பிப்பு: அம்மாவின் பிட்யூட்டரி கட்டி, மூக்கு வழி அறுவை முடிந்தது

அம்மாவுக்கு இரு கண்களிலும் ஓரப்பார்வை மங்குகிறது, மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் 2.4 செ.மீ. கட்டி, மண்டையைத் திறக்க வேண்டியிருக்குமா என்று இரண்டு மாதங்களுக்கு முன் இங்கே கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

முதலில் ரத்தத்தில் புரோலாக்டின் என்ற ஹார்மோனின் அளவைப் பார்க்கச் சொன்னீர்கள். அதைச் சுரக்கும் வகைக் கட்டி பெரும்பாலும் மாத்திரையிலேயே சுருங்கிவிடும் என்பதால். பார்த்தோம், அந்த வகை இல்லை. ஆகவே அறுவைதான். மூக்குத் துளைகள் வழியே எண்டோஸ்கோப்பை (கேமரா பொருத்திய மெல்லிய குழாய்) செலுத்திக் கட்டியைச் சுரண்டி எடுத்தார்கள். உள்ளே அடைக்கத் தொடையிலிருந்து கொஞ்சம் கொழுப்பு. மூக்கில் அறுவை, தையல் தொடையில்! மூன்றாம் நாள், சுவர்க் காலண்டரின் ஓரத்துத் தேதிகளை அம்மா தாமாகவே வாசித்தார்.

எதிர்பாராதது பிறகுதான் வந்தது. வீடு திரும்பி, எட்டாம் நாள் தலைவலி, குமட்டல், ஓயாத தூக்கம். பித்தம் என்று அத்தை இஞ்சிச் சாறு பிழிந்துகொண்டிருந்தார். "ஒரு வாரம் கழித்துச் சோடியம் பாருங்கள்" என்று உங்களில் ஒருவர் எழுதியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ரத்தத்தைப் பரிசோதித்தால் சோடியம் 124, குறைந்தது 135 இருக்க வேண்டும். உடனே மருத்துவமனையில் சேர்த்தோம். குடிக்கும் நீரை ஒரு லிட்டருக்குள் கட்டுப்படுத்தினார்கள். நான்கு நாட்களில் சரியாகிவிட்டது. இந்த அறுவைக்குப் பிறகு சோடியம் இப்படிக் குறையலாம் என்று வீட்டுக்கு அனுப்பும்போது யாரும் சொல்லவில்லை என்பதில் எனக்கு இன்னும் கோபம்தான்.

மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். இவற்றை மட்டும் பலமுறை சொன்னார்கள். வாசனை இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. நேற்று ரசம் பொங்கி அடுப்பில் வழிந்தது, அம்மாவுக்குத் தெரியவில்லை.