பீர் தோட்டத்துக்கு அம்மாவைக் கூட்டிப் போகலாமா?

இசார்க்கரை:
ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவோடும் எட்டு வயது மகளோடும் சனிக்கிழமை மத்தியானம் ஜெர்மனியின் மியூனிக் நகரில் உள்ள ஹிர்ஷ்கார்ட்டன் பூங்காவுக்குப் போனேன். அங்கே மரத்தடியில் மேசை போட்டு பீர் விற்கும் பீர் தோட்டத்தில் உட்கார்ந்தோம். படத்தைப் பார்த்த சொந்தக்காரர் ஒருவர், "பெற்றவளைச் சாராயக் கடைக்கா கூட்டிப் போனாய்?" என்று கேட்டுவிட்டார். மனசு ஆறவில்லை. எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டு போயிருந்தோம். விரிப்பு போடாத மேசையில் நம் சாப்பாட்டைப் பிரிக்கலாம், குடிப்பதை மட்டும் அங்கே வாங்க வேண்டும். எதிரே இருந்த பெரியவர் வெள்ளை முள்ளங்கியை அறுபடாமல் ஒரே சுருளாகச் சீவி உப்புத் தூவினார். அது நீர் விட்டதும் அம்மா பக்கம் தள்ளினார். அம்மா சாதத்தை அவர் பக்கம் தள்ளினார். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது. இதில் என்ன தப்பு?

தாமிரபரணி:
முள்ளங்கி சரி. சுற்றிலும் எல்லார் கையிலும் ஒரு லிட்டர் கோப்பை இருந்ததா, இல்லையா? என் அப்பா குடியால் போனவர். குடிப்பது சாப்பிடுவது போலச் சாதாரணம் என்று எட்டு வயதில் மனதில் பதியக் கூடாது. 16 வயதிலேயே பீர் வாங்கலாம் என்கிற நாடு அது. மரத்தை நட்டு பெஞ்சு போட்டால் பூங்கா ஆகிவிடுமா?

வடபழனி வாசன்:
அந்த மரம் அழகுக்கு வைத்ததில்லை. அந்தக் காலத்தில் மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்தில் கோடையில் பீர் காய்ச்சத் தடை. குளிர்காலத்தில் காய்ச்சியதை நிலவறையில் வைத்து, அது சூடேறாமல் இருக்க மேலே குதிரை செஸ்நட் என்கிற மரம் நட்டார்கள். அதன் வேர் நிலவறையைத் துளைக்கும் அளவுக்கு ஆழமாக இறங்காது, அகன்ற இலை நல்ல நிழல் தரும். அப்புறம் அந்த நிழலிலேயே விற்பனையும் தொடங்கியது. ஊருக்குள் இருந்த உணவகக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். 1812ல் மன்னர் முதலாம் மாக்சிமிலியன் ஒரு வழி சொன்னார்: பீர் விற்கலாம், ஆனால் ரொட்டி தவிர வேறு சாப்பாடு விற்கக் கூடாது. மக்கள் சாப்பாட்டைக் கையோடு கொண்டுவர ஆரம்பித்தது அப்படித்தான். உங்கள் அம்மா கட்டிய சாதமும் அந்த வழக்கத்தில் வந்ததுதான்.

தாமிரபரணி:
200 வருடமாக நடப்பதால் நல்லது என்று ஆகாது. டாஸ்மாக்கில் நாற்றம் அடிக்கிறது, அங்கே அடிக்கவில்லை. எனக்குத் தெரியும் வித்தியாசம் அவ்வளவுதான்.

மூன்றாம் மாடி:
நான் ஒரு பீர் தோட்டத்துக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருக்கிறேன். மத்தியானம் பாட்டி, பேரன், தள்ளுவண்டிக் குழந்தை. ராத்திரி ஒன்பதுக்கு மேல் வேறு கூட்டம். 1995ல் சத்தம் தாங்காமல் அக்கம்பக்கத்தார் வழக்குப் போட, சீக்கிரம் மூடக் கூடாது என்று ஆயிரக்கணக்கானோர் மியூனிக்கில் ஊர்வலம் போனார்கள். இப்போதைய விதி 1999ல் வந்தது: பத்து மணிக்கு இசை நிற்க வேண்டும், பதினொன்றுக்கு மூட வேண்டும். அதனால் எந்த நேரத்தில் போகிறோம் என்பதையும் பாருங்கள்.

இசார்க்கரை:
இரண்டு மணிக்குப் போய் ஐந்து மணிக்குக் கிளம்பிவிட்டோம். நான் குடித்தது சோடா கலந்த ஆப்பிள் சாறு. "அந்த மாமா கோப்பை ஏன் இவ்வளவு பெரிசு?" என்று மகள் கேட்டாள். அதில் இருப்பது என்ன, அளவு மீறினால் என்ன ஆகும் என்று அங்கேயே சொன்னேன். மறைத்து வைத்திருந்தால் அந்தக் கேள்வியே வந்திருக்காது.

தாமிரபரணி:
சொன்னீர்களே, அதை மதிக்கிறேன். ஆனால் என் மகனை அந்த மேசையில் உட்கார வைக்க என்னால் முடியாது. அங்கே மான்கள் உண்டு என்றார்களே, அதை மட்டும் பார்க்க முடியுமா?

இசார்க்கரை:
தாராளமாக. அது பொதுப் பூங்கா, டிக்கெட் கிடையாது. மான் வேலி தோட்டத்தை ஒட்டியே இருக்கிறது. நீங்கள் வரும்போது சொல்லுங்கள், அம்மா இன்னும் ஒரு மாதம் இங்கேதான் இருக்கிறார். உங்களுக்கும் சேர்த்துச் சாதம் கட்டச் சொல்கிறேன், பூங்காப் புல்வெளியிலேயே உட்கார்ந்து சாப்பிடலாம்.