இங்கிலாந்தில் வாழ்க்கைத்தரம் விழுந்துவிட்டதா? கடலூரிலிருந்து போகும் நர்ஸ் குடும்பத்துக்கு உண்மைக் கணக்கு வேண்டும்

புலியூர்க்காரன் (கடலூர்) கேட்டது:

வணக்கம். தங்கச்சி புதுச்சேரியில் ஸ்டாஃப் நர்ஸ். இங்கிலாந்தின் வடகிழக்கில் ஒரு என்.எச்.எஸ். (அரசுப் பொது மருத்துவ சேவை) மருத்துவமனையிலிருந்து பேண்ட் 5 (நர்ஸாகச் சேருகிறவருக்கான சம்பளப் படி) வேலைக்கு ஆஃபர் வந்திருக்கிறது, ஆண்டுக்கு 31,049 பவுண்டு. மாப்பிள்ளை கம்ப்யூட்டர் சர்வீஸ் வேலை பார்க்கிறார். குழந்தைக்கு மூன்று வயது. இருபது வருஷமாக லண்டனில் இருக்கும் எங்கள் சித்தப்பா, "நாடு முன்ன மாதிரி இல்ல, வாழ்க்கைத்தரம் விழுந்துடுச்சு, வந்து மாட்டிக்காதீங்க" என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். அவர் மட்டும் திரும்பி வருவதாகக் காணோம்!

எது விழுந்தது, எவ்வளவு விழுந்தது, புதிதாகப் போகிறவர் தலையில் அதில் எது விடியும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். "கஷ்டம்தான் ஆனா பழகிடும்" வகைப் பதில்கள் வேண்டாம்.

ஆல்பேட்டை_கணக்கு:

சித்தப்பா சொல்வது பொய்யில்லை. ஆனால் அவர் 2008 நிதி நெருக்கடிக்கு முந்தைய இங்கிலாந்தோடு ஒப்பிடுகிறார். அப்போது சம்பளம் விலைவாசியை முந்திக்கொண்டு ஏறியது. பிறகு அது நின்றுவிட்டது. நர்ஸ் சம்பளத்தையே பாருங்கள்: 2010-11இல் பேண்ட் 5 தொடக்கம் 21,176 பவுண்டு, 2025-26இல் 31,049. ஏற்றம் 47 சதவீதம். அதே காலத்தில் விலைவாசி ஏறியது 50 சதவீதத்துக்கும் மேல். பதினைந்து வருஷம் கழித்து அதே வேலைக்கு வாங்கும் சக்தி கொஞ்சம் குறைந்திருக்கிறது. 2022 அக்டோபரில் பணவீக்கம் 11.1 சதவீதத்தைத் தொட்டது. 2023 மார்ச்சில் உணவுப் பொருள் விலை மட்டும் ஒரே வருஷத்தில் 19 சதவீதம் ஏறியிருந்தது. பிறகு பணவீக்கம் இறங்கியது என்று செய்தியில் சொல்வார்கள். ஏறும் வேகம்தான் இறங்கியது, ஏறிய விலை அங்கேயே இருக்கிறது.

வெளியே தெரியாத இன்னொரு வெட்டு வருமான வரியில். வரியில்லாத வரம்பு 12,570 பவுண்டு. 2021இல் வைத்த எண், இன்றுவரை அசையவில்லை. சம்பளம் ஏற ஏற, ஏறிய பகுதி முழுக்க வரிக்குள் போய் விழும். விகிதத்தை ஏற்றாமலே வரியை ஏற்றும் வித்தை. இரண்டு கட்சி ஆட்சியுமே இதைத் தொடவில்லை.

இப்போது தங்கச்சியின் கணக்கு. 31,049இல் என்.எச்.எஸ். பென்ஷன் 8.3 சதவீதம், அதாவது சுமார் 2,577. வருமான வரி சுமார் 3,180. நேஷனல் இன்ஷூரன்ஸ் (சமூகக் காப்பீட்டுப் பிடித்தம்) 8 சதவீத வீதம் சுமார் 1,478. கைக்கு வருவது மாதம் ஏறத்தாழ 1,980 பவுண்டு. பென்ஷனிலிருந்து விலகினால் கையில் கூடும் என்று அங்கே யாராவது யோசனை சொல்வார்கள், கேட்க வேண்டாம். மருத்துவமனை போடும் பங்கு இவர் போடுவதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல், விலகினால் அது போய்விடும். இரண்டு வருஷத்துக்குள் வேலையை விட்டால் தன் பங்கைத் திரும்பக் கேட்டு வாங்கலாம்.

செலவு: வடகிழக்கில் சராசரி வாடகை 800 பவுண்டுக்குள் (லண்டனில் 2,200க்கு மேல், சித்தப்பாவின் பயம் பாதி இங்கிருந்து வருகிறது). வாடகை 750 என்று வையுங்கள். கவுன்சில் டாக்ஸ் (உள்ளாட்சி வாங்கும் வீட்டு வரி) சின்ன வீட்டுக்கு, அதாவது மதிப்பு குறைந்த ஏ பிரிவுக்கு, ஆண்டுக்கு 1,500 பக்கம். அதை ஏப்ரல் முதல் ஜனவரி வரை பத்துத் தவணையாக வாங்குவார்கள், மாதம் 150. கேஸும் கரண்டும் சேர்ந்து 145, தண்ணீர் 50, இன்டர்நெட் 30, சமையலுக்கு 350. கூட்டினால் 1,475. மிச்சம் 500 பவுண்டு. பஸ், போன், குளிர் உடுப்பு, குழந்தை செலவு எல்லாம் அதிலிருந்துதான். ஒற்றைச் சம்பளத்தில் ஊருக்குப் பணம் அனுப்புவது நடக்காத காரியம்.

மாப்பிள்ளை வேலைக்குப் போனால் படம் மாறும். ஹெல்த் அண்ட் கேர் விசாவில் (மருத்துவப் பணியாளருக்கான வேலை விசா) நர்ஸின் துணைவர் ஏறக்குறைய எந்த வேலையும் பார்க்கலாம். வரியில்லாத 12,570 ஒவ்வொருவருக்கும் தனித்தனி. குறைந்தபட்ச ஊதியம் 2025-26இல் மணிக்கு 12.21 பவுண்டு. வாரம் 20 மணி நேரம் உழைத்தாலே மாதம் 1,050 பவுண்டுக்கு மேல், கிட்டத்தட்ட வரியில்லாமல் வரும்.

குருசுக்குப்பம்:

குறுக்கே ஒரு கேள்வி. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பிரெஞ்சு பாஸ்போர்ட். எங்களுக்கு விசா தொல்லை இல்லைதானே? சொந்தக்காரர்கள் சிலர் பாரீஸிலிருந்து அப்படியே லண்டன் போய் செட்டில் ஆனவர்கள்.

ஆல்பேட்டை_கணக்கு:

பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியதால் அந்தக் கதவு 2020 டிசம்பர் 31 அன்று மூடிவிட்டது. அதற்கு முன்பே அங்கே குடியிருந்தவர்கள் தொடர்ந்து தங்கும் உரிமைக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் 2021 ஜூன் 30. இப்போது பிரெஞ்சு பாஸ்போர்ட்டுக்கும் வேலை விசா வேண்டும், அதற்கான குறைந்தபட்ச சம்பள வரம்பும் இந்திய பாஸ்போர்ட்டுக்கு உள்ள அதேதான். சுற்றிப் பார்க்கப் போவதென்றால்கூட 2025 ஏப்ரலிலிருந்து முன் அனுமதி எடுக்க வேண்டும், அதற்கும் கட்டணம் உண்டு.

சில்வர்பீச்_லீட்ஸ்:

மேலே உள்ள கணக்கு சரி. ஆனால் வாழ்க்கைத்தரம் என்று பேசினால் வீட்டுக்குள் நுழையாமல் முடியாது. புதிதாக வருகிறவர் முதல் குளிர்காலத்தில் அடிபடுவது அங்கேதான்.

750 பவுண்டுக்குக் கிடைப்பது பெரும்பாலும் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட வரிசை வீடு. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், நடுவில் காற்று இடைவெளி கிடையாது. வெளியே 3 டிகிரி இருந்தால் சுவரின் உட்பக்கமும் குளிர்ந்து கிடக்கும். அறை 20 டிகிரி, ஈரப்பதம் 65 சதவீதம் என்றால், 13 டிகிரிக்குக் கீழே போகும் எந்தப் பரப்பிலும் நீர் கட்டும். ஐஸ் தண்ணீர் டம்ளர் வெளியே வேர்ப்பது போலத்தான். அந்த ஈரத்தில் கருப்புப் பூஞ்சை பிடிக்கும். முதலில் வருவது வெளிச்சுவர்கள் சேரும் மூலை, ஜன்னல் ஓரம், பீரோவுக்குப் பின்பக்கம்.

நம் வீடுகளில் இது கூடுதலாக வருவதற்குக் காரணம் உண்டு. சோறு வடிப்பது, குழம்பு கொதிப்பது, துணியை ரேடியேட்டர் (அறையைச் சூடாக்கும் வெந்நீர்த் தகடு) மேலே காயப்போடுவது. ஒரு வாஷிங் மெஷின் சுமைத் துணி உள்ளேயே காய்ந்தால் இரண்டு லிட்டர் தண்ணீர் வீட்டுக் காற்றில் சேர்கிறது. அதோடு கேஸ் செலவுக்குப் பயந்து ஹீட்டரை அணைத்துவிட்டு, குளிருக்குப் பயந்து ஜன்னலையும் சாத்தினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம்.

செய்ய வேண்டியது: எந்த அறையையும் 18 டிகிரிக்குக் கீழே விடாதீர்கள். ஒரு அறையை மட்டும் 23க்குச் சூடாக்கி மற்றதை அணைத்து வைத்தால் ஈரக்காற்று குளிர்ந்த அறைக்குப் போய்ப் படியும். மூடி போட்டுச் சமையுங்கள். சமையலறை, குளியலறை ஃபேன் வேலை முடிந்தபின்னும் 15 நிமிஷம் ஓடட்டும். ஜன்னல் மேல் சட்டத்தில் உள்ள சின்னக் காற்றுத் திறப்பை டேப் போட்டு அடைக்காதீர்கள். பீரோவும் கட்டிலும் வெளிச்சுவரிலிருந்து ஐந்து சென்டிமீட்டராவது தள்ளி நிற்கட்டும். துணி காய ஒரே அறை, அதில் டீஹியூமிடிஃபையர் (காற்றின் ஈரத்தை இழுக்கும் மெஷின்), கதவு சாத்தி. 200 வாட் மெஷினுக்கு மணிக்கு ஐந்து, ஆறு பென்ஸ்தான் ஆகும். பூஞ்சையை உலர்ந்த துணியாலோ பிரஷ்ஷாலோ தேய்த்தால் விதைத்தூள் அறை முழுக்கப் பறக்கும். பூஞ்சை மருந்தை ஈரமாகப் பூசித் துடைக்க வேண்டும். மேலே பெயின்ட் அடித்து மறைத்துத் தருகிற வீட்டுக்காரர்கள் உண்டு, அது ஒரு குளிர்காலம்கூடத் தாங்காது. வீடு பார்க்கப் போகும்போது பீரோவை நகர்த்திப் பாருங்கள், வெட்கப்பட வேண்டாம். வீட்டின் எரிசக்திச் சான்றிதழை அரசுத் தளத்தில் அஞ்சல் குறியீடு போட்டு இலவசமாகப் பார்க்கலாம். தரம் ஏ (A) முதல் ஜி (G) வரை. வாடகைக்கு விட குறைந்தது ஈ (E) தரம் வேண்டும், நீங்கள் சி (C) தேடுங்கள்.

அடுத்தது மீட்டர். மலிவு வாடகை வீடுகளில் முன்பணம் போட்டு ஓட்டும் மீட்டர் இருக்கும். கரண்டுக்குச் சாவி, கேஸுக்குக் கார்டு, பெட்டிக்கடையில் பணம் ஏற்ற வேண்டும். இரண்டு சிக்கல். ஒன்று, பழைய குடித்தனக்காரரின் கடன் அந்தச் சாவியிலேயே ஏறியிருக்கும், நீங்கள் போடும் 20 பவுண்டில் ஒரு பங்கை அது விழுங்கும். அதனால் குடி போன அன்றே மீட்டர் எண்ணைப் போட்டோ எடுத்து, சப்ளையரைக் கூப்பிட்டு, புதுச் சாவியும் கார்டும் கேளுங்கள். இரண்டு, நாள் கட்டணம். ஒரு யூனிட்கூட ஓடாவிட்டாலும் கரண்டும் கேஸும் சேர்ந்து நாளுக்கு 80 பென்ஸுக்கு மேல் கழியும். பொங்கலுக்கு ஒரு மாதம் ஊருக்கு வந்து திரும்பினால் மீட்டர் 25 பவுண்டு தின்றிருக்கும், கேஸ் நின்றுபோய் வீடு ஐஸாக இருக்கும். கிளம்பும் முன் பணம் ஏற்றிவிட்டு வாருங்கள்.

பாய்லரில் ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீர்ச் சூடு 70, 80 என்று வைத்திருப்பார்கள். அதை 60க்கு இறக்கினால் வீடு மெதுவாகச் சூடாகும், கேஸ் மிச்சமாகும்.

அட்வான்ஸ் விஷயத்தில் அங்கே சட்டம் வாடகைதாரர் பக்கம். ஐந்து வார வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. 750 வாடகைக்கு 865 பவுண்டு. அதை 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டத்தில் போட வேண்டும், போடாவிட்டால் மூன்று மடங்கு வரை அபராதம். கடன் வரலாறு இல்லை என்று ஆறு மாத வாடகையை முன்கூட்டியே கேட்கும் வழக்கத்துக்கும் 2025இல் வந்த சட்டம், 2026 மே 1 முதல், முற்றுப்புள்ளி வைக்கிறது. ஒரு மாதத்துக்கு மேல் கேட்க முடியாது.

நெல்லித்தோப்பு:

எல்லாம் இருண்டது போல எழுதுகிறீர்கள். பள்ளிக்கூடம் 18 வயது வரை இலவசம். இங்கிலாந்தில் ரிசப்ஷன் (பள்ளியின் ஆரம்ப வகுப்பு) முதல் இரண்டாம் வகுப்பு வரை மதியச் சாப்பாடும் எல்லாக் குழந்தைக்கும் இலவசம், விசாவைப் பார்ப்பதில்லை. இங்கே எல்.கே.ஜி.க்கு டொனேஷன் கட்டுகிறவர்களுக்கு இது சின்ன விஷயமா? விழுந்தது உண்மை, ஆனால் விழுந்த இடமே நமக்கு மேடுதான்.

மருத்துவத்தில் மட்டும் சித்தப்பா பேச்சைக் கேளுங்கள். காத்திருப்போர் பட்டியல் 2023இல் 77 லட்சத்தைத் தொட்டது. 18 வாரத்துக்குள் சிகிச்சை என்ற இலக்கைக் கடைசியாக எட்டி பத்து வருஷம் ஆகிறது. உயிருக்கு ஆபத்து என்றால் உடனே பார்ப்பார்கள், மூட்டு, பித்தப்பைக் கல் என்றால் மாதக்கணக்கு. பல் இன்னும் மோசம். பல ஊர்களில் புதிய பெரியவர்களை என்.எச்.எஸ். பல் மருத்துவர் சேர்ப்பதே இல்லை. சேர்த்தாலும் பல் கேப் போட 2025-26இல் 326.70 பவுண்டு. ரூட் கேனல், கேப், சொத்தைப் பல் எல்லாவற்றையும் கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பே கோரிமேடு பல் மருத்துவக் கல்லூரியில் முடித்துவிடுங்கள். கண்ணாடியும் இரண்டு ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள்.

கவுன்சில்களும் நொடித்திருக்கின்றன. 2023 செப்டம்பரில் பர்மிங்காம் நகரக் கவுன்சில் காசில்லை என்று கைவிரித்தது, அடுத்த ஏப்ரலில் வரியை 9.99 சதவீதம் ஏற்றியது. 2025இல் அங்கே குப்பை அள்ளுவோர் வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் போனது. வரி கூடி சேவை குறைவதைத்தான் பழைய ஆட்கள் "நாடு போச்சு" என்கிறார்கள்.

புலியூர்க்காரன்:

எல்லோருக்கும் நன்றி. மாப்பிள்ளையும் வேலைக்குப் போனால் குழந்தையை எங்கே விடுவது? 30 மணி நேரம் இலவசம் என்று யூடியூபில் சொல்கிறார்கள். கையெழுத்துப் போடும் முன் மருத்துவமனையிடம் என்ன கேட்க வேண்டும்?

ஆல்பேட்டை_கணக்கு:

அந்த 30 மணி நேரம் தாய் தகப்பன் இருவருமே வேலை விசாவில் இருந்தால் கிடைக்காது, அரசு உதவித்தொகைக்கு உரிமை இல்லை என்று விசாவிலேயே போட்டிருக்கும். மூன்று வயது முடிந்த அடுத்த பருவத்திலிருந்து வாரம் 15 மணி நேரம், ஆண்டுக்கு 38 வாரம், எல்லோருக்கும் உண்டு. அதற்கு மேல் மணிக்கு 6, 7 பவுண்டு கட்டி விட்டால் மாப்பிள்ளை சம்பாதிப்பதில் பாதி அங்கே போய்விடும். அதனால் பலர் தங்கச்சிக்குப் பகல், மாப்பிள்ளைக்கு மாலை அல்லது சனி ஞாயிறு என்று ஷிப்ட் பிரிக்கிறார்கள். நான்கு வயது முடிந்த செப்டம்பரில் ரிசப்ஷன் வகுப்பு, அதோடு இந்தச் சிக்கல் தீரும். குழந்தையின் பிறந்த மாதத்தைப் பார்த்து, குடும்பம் எப்போது போவது என்று முடிவெடுங்கள்.

மருத்துவமனையிடம் எழுத்தில் கேட்க வேண்டியது: ஓஸ்கி (நர்ஸ்களுக்கான செய்முறைத் தேர்வு) தேறி நர்சிங் கவுன்சிலில் பதிவாகும் வரை சம்பளம் எவ்வளவு. அதுவரை கீழ் பேண்டில்தான் போடுவார்கள், 31,049 முதல் மாதமே வராது. ஓஸ்கி கட்டணம் 794 பவுண்டு, முதல் முறை அவர்கள் கட்டினாலும் தோற்றால் இரண்டாம் முறை யார் கட்டுவது. முதல் தங்குமிடம் எத்தனை வாரம், அதில் குழந்தையோடு இருக்க முடியுமா (பெரும்பாலும் ஒற்றை அறைதான்). பாதியில் விலகினால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும், மாதம் போகப் போக அது குறையுமா.

ஹெல்த் அண்ட் கேர் விசாவுக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு சுகாதாரக் கட்டணம் கிடையாது, அது பெரிய மிச்சம். நிரந்தரமாகத் தங்கும் உரிமையை ஐந்து வருஷக் கணக்கில் வைத்துத் திட்டமிடாதீர்கள். 2025 மே மாத வெள்ளை அறிக்கையில் பொது விதியைப் பத்து வருஷமாக்கப் போவதாகச் சொல்லிவிட்டார்கள்.

ஏஜென்ட் யாராவது ஸ்பான்சர் சான்றிதழுக்கு (விசா எடுக்க வேலை தருகிறவர் கொடுக்கும் சான்று) என்று லட்சத்தில் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். வேலை தேடித் தர நர்ஸிடம் பணம் வாங்கக் கூடாது என்பது அங்குள்ள நடத்தை விதி. மருத்துவமனைப் பெயர் பிரிட்டன் உள்துறையின் ஸ்பான்சர் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே தேடிப் பாருங்கள், பட்டியல் இணையத்தில் திறந்தே கிடக்கிறது. ஆஃபர் லெட்டரில் சம்பளப் பக்கத்தை மட்டும், பெயர் விவரம் மறைத்து இங்கே போட்டால், ஓஸ்கிக்கு முந்தைய மாதங்களின் கணக்கையும் போட்டுத் தருகிறேன்.