ஈசிங் மாதிரி ஆய்வேடு: மாறுநிலை வெப்பநிலை அருகே சிக்கல், வழி சொல்லுங்கள்

வணக்கம். முதுநிலை இயற்பியல் ஆய்வேட்டுக்காக இருபரிமாண ஈசிங் மாதிரியை (காந்தப் பொருளை, மேல் அல்லது கீழ் நோக்கும் ஸ்பின்கள் என்ற சிறு காந்தங்களின் கட்டமாகக் காட்டும் மாதிரி) மான்டே கார்லோ முறையில், அதாவது தற்செயல் எண்களைக் கொண்டு, சிமுலேஷன் செய்கிறேன். பைத்தானில், ஒவ்வொரு ஸ்பின்னாகத் திருப்பிப் பார்க்கும் மெட்ரோபோலிஸ் அல்காரிதம். ஆன்சாகர் 1944-ல் தந்த துல்லியத் தீர்வோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியும் என்பதாலேயே இந்தத் தலைப்பை ஆசையாக எடுத்தேன்.

16×16 கட்டத்தில் எல்லாம் சரியாக வருகிறது. 128×128-க்குப் போனால்தான் தொல்லை. வெப்பநிலை, தானாகத் தோன்றும் காந்தத்தன்மை மறையும் மாறுநிலை மதிப்பான 2.269-ஐ (மாதிரியின் பரிமாணமற்ற அலகில்) நெருங்கும்போது காந்தமாக்கம் நெடுநேரம் ஒரே குறியில் நிற்கிறது, அப்புறம் மெல்ல எதிர்ப்பக்கம் நகர்கிறது. அடுத்தடுத்த அளவீடுகள் ஒன்றையொன்று சார்ந்திருப்பதால் பிழைப்பட்டைகளை நம்ப முடியவில்லை. பக்க நீளம் இரட்டித்தால் இந்தச் சார்பு மறைய நான்கு மடங்குக்கும் மேல் நேரமாகும்; அதனால் ‘இன்னும் கொஞ்சம் ஓட்டிப் பார்’ என்பது பெரிய கட்டங்களுக்குத் தீர்வாகாது என்றே நினைக்கிறேன்.

ஸ்பின்களைக் கொத்தாகத் திருப்பும் உல்ஃப் அல்காரிதத்துக்கு மாறலாமா? அதில் ஒரு படி என்பது ஒரு கொத்து மட்டுமே. அப்படியானால் எல்லா ஸ்பின்களுக்கும் ஒருமுறை வாய்ப்புத் தரும் மெட்ரோபோலிசின் ஒரு முழுச் சுற்றோடு அதை எப்படி நியாயமாக ஒப்பிடுவது? அடுத்தடுத்த அளவீடுகளைத் தொகுதிகளாகச் சேர்த்துச் சராசரி எடுக்கும் பின்னிங் முறையில் பிழை கணக்கிடும்போது தொகுதியின் அளவை எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்? செய்து பார்த்தவர்கள் யாராவது விளக்கினால் பேருதவியாக இருக்கும். நிரலையும் வரைபடங்களையும் கேட்டால் உடனே அனுப்புகிறேன்.