பாட்காஸ்ட் பெயரை மாற்றினால் சப்ஸ்கிரைபர்கள் போய்விடுவார்களா? அவசரம்

பாதிராத்திரி மைக்:
வணக்கம். எங்கள் பாட்காஸ்ட் நாலைந்து வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது, ஓரளவு நல்ல கூட்டம் கேட்கிறது. பெயரை மாற்றலாம் என்று இருக்கிறேன். மாற்றினால் இருக்கிறவர்கள் இருப்பார்களா, போய்விடுவார்களா? ஒரு நண்பர் புது ஃபீட் (எபிசோடுகளைச் செயலிகளுக்குக் கொண்டுபோகும் பட்டியல்) ஆரம்பித்துவிடு, அதுதான் சுத்தம் என்கிறார். இன்னொருவர் கையே வைக்காதே என்கிறார். அடுத்த எபிசோடு இந்த வாரக் கடைசியில் போக வேண்டும், புதுப் பெயரிலேயே போட்டுவிடலாமா என்று தெரிய வேண்டும். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

அலைவரிசை:
என்ன பெயர்? ஏன் மாற்றுகிறீர்கள்? எபிசோடுகளை எந்தத் தளத்தில் ஏற்றி ஹோஸ்ட் செய்கிறீர்கள்? ஒன்றுமே சொல்லாமல் மாற்றலாமா என்றால் நாங்கள் எதை வைத்துச் சொல்வது?

வெட்டி ஒட்டுபவள்:
முதலில் அந்தப் புது ஃபீட் யோசனையைக் கைவிடுங்கள். கேட்பவர்களின் செயலி பிடித்து வைத்திருப்பது உங்கள் ஃபீட் முகவரியை, பெயரை அல்ல. அதே ஃபீடில் பெயரை மட்டும் மாற்றினால் சப்ஸ்கிரைப் செய்தவர்கள் அப்படியே இருப்பார்கள். புது ஃபீட் என்றால் எண்ணிக்கை, ரேட்டிங், விமர்சனம் எல்லாம் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஒவ்வொருவரையும் திரும்பக் கூப்பிட வேண்டும், கூப்பிட்டாலும் பாதிப் பேர் வர மாட்டார்கள்.

பழைய ரேடியோக்காரர்:
இந்தக் கேள்வி இங்கே அடிக்கடி வருகிறது. கேட்பதற்கு முன் பழைய இழைகளைத் தேடிப் படிக்கிற பழக்கம் வேண்டும். ஃபீடில், அதாவது அந்த ஆர்எஸ்எஸ் கோப்பில், டைட்டில் என்பது ஒரே ஒரு வரி. அதை மாற்றுங்கள், ஒரு நாளுக்குள் ஆப்பிளிலும் ஸ்பாட்டிஃபையிலும் தானாக மாறிவிடும். ஆப்பிள் உங்களை அடையாளம் காண்பது ஒரு எண்ணை வைத்து, அந்த எண் மாறாது, அதனால் பழைய இணைப்புகளும் வேலை செய்யும். 2005ல் ஐட்யூன்ஸில் பாட்காஸ்ட் வந்த காலத்திலிருந்து இதில் இருக்கிறேன். ஃபீட் என்றால் என்னவென்று புரிந்துகொள்ளாமலே இத்தனை வருடம் ஒரு நிகழ்ச்சி நடத்துகிறார்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

காதுள்ளவன்:
ஐயா, அவர் பேசத் தெரிந்தவர், நீங்கள் ஃபீட் தெரிந்தவர். திட்டாமலே இதைச் சொல்லியிருக்கலாம்.

பாதிராத்திரி மைக்:
மன்னிக்கவும், அவசரத்தில் போட்டேன். அறிவியல் பாட்காஸ்ட். பெயரிலேயே 'பத்து நிமிடம்' என்று வருகிறது. ஆரம்பத்தில் நிஜமாகவே பத்து நிமிடம்தான், இப்போது ஒரு மணி நேரத்துக்குக் குறைந்து எதுவும் போவதில்லை. பழைய ஆட்களுக்குப் பழகிவிட்டது. புதிதாக வருகிறவர்கள்தான் 'பத்து நிமிடம் என்று போட்டு ஒரு மணி நேரம் ஏமாற்றுகிறார்கள்' என்று ஒற்றை நட்சத்திரம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். முழுப் பெயரை இங்கே போட முடியாத நிலை, காரணம் இருக்கிறது.

தலைப்புப் பித்தன்:
அப்படியானால் யோசிக்கவே வேண்டாம், மாற்றுங்கள். பெயர் ஒரு வாக்குறுதி கொடுத்து, நிகழ்ச்சி அதை மீறினால், ஒவ்வொரு புதுக் கேட்பாளரும் முதல் நாளே கோபத்தோடுதான் வருவார். ஆனால் புதுப் பெயரில் நேரம், எண்ணிக்கை, வருடம் எதுவும் வேண்டாம். நிகழ்ச்சி வளரும், அவை வளராது. அப்படியே பெயரோடு 'அறிவியல், விண்வெளி, உடல்நலம்' என்று நாலு சொல்லும் சேர்த்துவிடுங்கள், தேடினால் மேலே வரும்.

வெட்டி ஒட்டுபவள்:
கடைசி வரியை மட்டும் கேட்காதீர்கள். தலைப்பில் தேடல் சொற்களைத் திணித்தால் ஆப்பிள் நிகழ்ச்சியையே எடுத்துவிடலாம், அவர்கள் விதியிலேயே இருக்கிறது.

கவர் முக்கியம்:
எல்லோரும் பெயரையே பேசுகிறீர்கள். கேட்கிறவர் பட்டியலைக் கட்டைவிரலால் தள்ளும்போது பெயரைப் படிப்பதில்லை, கவர் நிறத்தைத்தான் தேடுகிறார். பெயரும் படமும் ஒரே நாளில் மாறினால் 'இது யார், நான் எப்போது சேர்ந்தேன்' என்று நீக்கிவிடுவார். பெயரை மாற்றுங்கள், நிறத்தையும் நடுவில் இருக்கும் உருவத்தையும் சில மாதம் அப்படியே விடுங்கள். எழுத்து மட்டும் மாறட்டும். இன்னொன்று, புதுக் கவரைப் பழைய கோப்புப் பெயரிலேயே ஏற்றாதீர்கள். பல செயலிகள் பழைய படத்தையே சேமித்து வைத்துக் காட்டிக்கொண்டிருக்கும். புதுக் கோப்புப் பெயர், சதுரம், 1400 முதல் 3000 பிக்சலுக்குள்.

காதுள்ளவன்:
நான் மாற்ற வேண்டாம் கட்சி. பெயர் பழகிவிட்டால் அதன் அர்த்தம் யாருக்கும் காதில் விழாது. ஒற்றை நட்சத்திரம் போடுகிறவர் வேறு ஏதாவது காரணம் சொல்லியும் போடுவார்.

தலைப்புப் பித்தன்:
அமெரிக்க வானொலி நிகழ்ச்சி 'திஸ் அமெரிக்கன் லைஃப்' 1995ல் தொடங்கும்போது அதன் பெயர் 'யுவர் ரேடியோ பிளேஹவுஸ்'. 1996 மார்ச்சில் பெயர் மாறியது. இன்று அந்தப் பழைய பெயர் யாருக்காவது தெரியுமா?

காதுள்ளவன்:
அது தொடங்கிச் சில மாதத்திலேயே மாறியது. இவருடையது நாலைந்து வருடம். இரண்டையும் ஒன்றாக வைக்காதீர்கள்.

அலைவரிசை:
பழைய எபிசோடுகளை என்ன செய்வீர்கள்? ஒவ்வொன்றிலும் தொடக்கத்தில் பழைய பெயரைச் சொல்லித்தானே வணக்கம் வைத்திருப்பீர்கள்?

பாதிராத்திரி மைக்:
ஆமாம், எல்லாவற்றிலும். இருநூறை நெருங்குகிறது. அதையெல்லாம் வெட்டித் திரும்ப ஏற்ற வேண்டுமா?

பழைய ரேடியோக்காரர்:
வேண்டாம். ஒலிபரப்பான நிகழ்ச்சியைத் திருத்துவது சரியான பழக்கமே அல்ல. அது ஆவணம். அன்று என்ன பெயரில் போனதோ அந்தப் பெயரில்தான் இருக்க வேண்டும்.

வெட்டி ஒட்டுபவள்:
எல்லாவற்றையும் வேண்டாம், ஆனால் அதிகம் கேட்கப்படுகிற சிலவற்றையாவது மாற்றத்தான் வேண்டும். புதிதாக வருகிறவர் தேடலில் கிடைத்த பழைய எபிசோடில்தான் நுழைகிறார். உள்ளே வேறு பெயர் கேட்டால் தவறான இடம் என்று வெளியே போய்விடுவார். கேட்கிறவருக்காகத்தான் நிகழ்ச்சி, அலமாரிக்காக இல்லை.

பழைய ரேடியோக்காரர்:
இன்று பெயரை வெட்டுவீர்கள், நாளை தவறாகச் சொன்ன கருத்தை வெட்டுவீர்கள். அறிவியல் நிகழ்ச்சியில் அது நேர்மைக்கேடு. திருத்தம் என்றால் திருத்தம் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

வெட்டி ஒட்டுபவள்:
வணக்கம் சொல்கிற இடத்தை மாற்றுவதற்கும் கருத்தை மறைப்பதற்கும் வித்தியாசம் இல்லையா? என்ன ஐயா இது.

காதுள்ளவன்:
நான் இதில் ரேடியோக்காரர் பக்கம். நான்கு வருடத்துக்கு முந்தைய குரலில் இன்றைய பெயரை ஒட்டினால் தையல் தெரியும். கேட்கவே உறுத்தும்.

அலைவரிசை:
சண்டையே வேண்டாம். உங்கள் ஹோஸ்டிங்கில் டைனமிக் இன்செர்ஷன் வசதி இருந்தால், எல்லாப் பழைய எபிசோடுக்கும் முன்னால் 'இந்த நிகழ்ச்சி இப்போது இந்தப் பெயரில் வருகிறது' என்று ஒரு சின்ன அறிவிப்பை ஒரே இடத்திலிருந்து சேர்க்கலாம். மூல ஒலியைத் தொடவே வேண்டாம், வேண்டாதபோது எடுத்தும் விடலாம். அதற்குத்தான் எந்த ஹோஸ்டிங் என்று முதலிலேயே கேட்டேன். இன்னும் சொல்லவில்லை.

பழைய ரேடியோக்காரர்:
அறிவிப்பு என்றால் எனக்கு மறுப்பில்லை.

பாதிராத்திரி மைக்:
ஹோஸ்டிங் விஷயத்தில்தான் ஒரு சிக்கல். முன்பு என்னோடு சேர்ந்து நடத்தியவர் போன வருடம் விலகிவிட்டார். பாட்காஸ்ட் பெயரில் அவர் பெயரும் இருக்கிறது, அதனால்தான் இங்கே போடவில்லை. ஹோஸ்டிங் கணக்கு அவர் மின்னஞ்சலில். கடவுச்சொல் என்னிடம் இருக்கிறது, எபிசோடு ஏற்ற முடிகிறது. அதில் பிரச்சினை ஒன்றும் வராதல்லவா?

அலைவரிசை:
இதை முதல் பதிவிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

வெட்டி ஒட்டுபவள்:
சகோ, அப்படியானால் இந்த வாரம் பெயரைத் தொடாதீர்கள். இப்போது உங்களிடம் இருப்பது சாவி மட்டும், வீடு அவர் பெயரில் இருக்கிறது. அவர் 'கடவுச்சொல் மறந்துவிட்டது' என்று ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், நீங்கள் வெளியே. கெட்ட எண்ணமே வேண்டாம், அந்த மின்னஞ்சலை அவர் மூடிவிட்டாலும் அதே கதிதான். ஸ்பாட்டிஃபையில் நிகழ்ச்சியை உங்களுடையது என்று உரிமை கோரினால், சரிபார்ப்பு எண் ஃபீடில் இருக்கிற மின்னஞ்சலுக்குத்தான் போகும், அதாவது அவருக்கு. முதலில் அவரிடம் நேராகப் பேசுங்கள். பெயரை மாற்றப்போவது, அவர் பெயரை எடுக்கப்போவது, பழைய எபிசோடுகளில் அவர் குரல் தொடர்ந்து இருப்பது, மூன்றையும் சொல்லிச் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். இருநூறு எபிசோடில் பெரும்பகுதி அவரும் சேர்ந்து உழைத்தது. திடீரென்று ஒரு நாள் தன் பெயர் காணாமல் போனதை அவர் செயலியில் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது.

பழைய ரேடியோக்காரர்:
அம்மா சொல்வது சரி. கணக்கு உரிமை மாறாமல் பெயர் மாற்றம் பற்றிப் பேசுவதே வீண். ஹோஸ்டிங் கணக்கு, ஆப்பிள் கணக்கு, ஸ்பாட்டிஃபை கணக்கு, டொமைன், இந்த நாலும் யார் கையில் என்று இன்றே பாருங்கள். அவர் கணக்கைத் தர மறுத்தால், வேறு ஹோஸ்டிங்குக்கு நகர்ந்தாலும் பழைய முகவரியிலிருந்து புதியதற்குத் தானாகத் திருப்பிவிடும் 301 ரீடைரக்ட் போட வேண்டும், அதைப் பழைய கணக்கிலிருந்துதான் போட முடியும். ஆப்பிள் குறைந்தது நான்கு வாரம் வைக்கச் சொல்கிறது, நான் எடுக்கவே வேண்டாம் என்பேன். நகரும்போது எபிசோடுகளின் ஜியுஐடி, அதாவது ஒவ்வொன்றுக்கும் உள்ள தனி அடையாளக் குறி, மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாறினால் பழைய எபிசோடுகள் அத்தனையும் புதிதாக வந்தது போல எல்லோர் போனிலும் கொட்டும்.

கவர் முக்கியம்:
எல்லாம் முடிந்து மாற்றும்போது, பழைய பெயரும் புதுப் பெயரும் சேர்ந்த தலைப்பில் ஒரு குட்டி எபிசோடு போடுங்கள். ஆப்பிளில் எபிசோடு தலைப்பும் தேடலில் வரும், பழைய பெயரைத் தேடுகிறவர் அதன் வழியாக வந்து சேர்ந்துவிடுவார். பழைய டொமைனையும் விட்டுவிடாதீர்கள்.

தலைப்புப் பித்தன்:
புதுப் பெயர் என்ன யோசித்திருக்கிறீர்கள்? முடிவு செய்யும் முன் ஆப்பிள், ஸ்பாட்டிஃபை, யூடியூப் மூன்றிலும் தேடிப் பாருங்கள். ஏற்கெனவே யாராவது அந்தப் பெயரில் நடத்திக்கொண்டிருந்தால் இரண்டு பேருக்கும் தொல்லை.

அலைவரிசை:
என்ன ஆயிற்று? பேசினீர்களா?

பாதிராத்திரி மைக்:
பேசினேன். கோபப்படவில்லை. கணக்கை என் மின்னஞ்சலுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார், ஆப்பிள் கணக்கு மட்டும் பாக்கி. அவர் பெயரை எடுக்கவும் சம்மதம், பழைய எபிசோடுகளின் குறிப்பில் அவர் பெயர் இருக்க வேண்டும் என்றார், நியாயம்தான். இந்த வார எபிசோடு பழைய பெயரிலேயே போய்விட்டது. எல்லோருக்கும் நன்றி.

தலைப்புப் பித்தன்:
நல்லது. புதுப் பெயர்?

அலைவரிசை:
ஹோஸ்டிங் எது என்று கடைசி வரை சொல்லவே இல்லையே.