மேக்ஸியின் 13, ஜார்ஜின் 49: பிலடெல்ஃபியா 2024ல் கேப் இடம் உண்டாக்கியது சரியா?

கேப்கணக்கு:

லீக்கும் வீரர் சங்கமும் போட்ட 2023 ஒப்பந்தம் வந்த பிறகு, சம்பள கேப்பில் (அணியின் மொத்தச் சம்பளத்துக்கு லீக் வைக்கும் வரம்பு, சில விதிவிலக்குகளால் மட்டும் தாண்டலாம்) இடம் காலி செய்து என்.பி.ஏ. கூடைப்பந்து நட்சத்திரத்தை எடுக்கும் வழி செத்துவிட்டது என்று பலரும் எழுதுகிறார்கள். பிலடெல்ஃபியா பால் ஜார்ஜை எடுத்த கணக்கைப் பார்த்தால் அப்படிச் சொல்ல மாட்டார்கள். எல்லாத் தொகையும் மில்லியன் டாலரில்.

2024-25க்கான கேப் 140.6. பிலடெல்ஃபியாவின் ஏட்டில் இருந்தவை: எம்பீட் 51.4, டிராஃப்டில் 16வதாக எடுத்த மெக்கெய்ன் 4.0, ரிக்கி கவுன்சில் 1.9, ஒப்பந்தம் முடிந்த மேக்ஸிக்காகக் கணக்கில் ஏறி நிற்கும் தொகையான கேப் ஹோல்ட் 13.0. கூட்டினால் 70.3. பட்டியலில் 12 பேர் இல்லாவிட்டால், குறையும் ஒவ்வொரு இடத்துக்கும் லீக் 1.16 சேர்த்துவிடும். எட்டு இடத்துக்கு 9.3. ஆக 79.6. மீதி 61.

பத்து ஆண்டு ஆடி முடித்த ஜார்ஜின் அதிகபட்சம் கேப்பில் 35 சதவீதம், அதாவது 49.2. அவர் ஓர் இடத்தை நிரப்புவதால் 1.16 திரும்பி வரும். கையில் 12.9 மிஞ்சும். கேலப் மார்ட்டினும் டிரம்மண்டும் வந்தது இதில்தான்.

முழு வித்தையும் மேக்ஸியிடம் இருக்கிறது. முதல் சுற்றில் எடுத்த வீரர் தன் முதல் ஒப்பந்தத்தை முடிக்கும்போது, சம்பளம் லீக் சராசரிக்குக் கீழே இருந்தால், ஹோல்ட் கடைசி ஆண்டுச் சம்பளத்தில் 300 சதவீதம். மேக்ஸி வாங்கியது 4.34. மூன்று மடங்கு 13.0. பஸ் சீட்டில் துண்டு போட்டு வைப்பது மாதிரி, அந்த 13.0ஐ வைத்து அவருடைய இடத்தைப் பிடித்துக்கொண்டார்கள். மற்ற எல்லாரையும் எடுத்த பிறகு, பேர்ட் உரிமையால் (அணி தன் சொந்த வீரரை மறுபடி எடுக்கக் கேப்பைத் தாண்டும் உரிமை) கேப்பைத் தாண்டி 35.1ல் தொடங்கும் 5 ஆண்டு, 204 ஒப்பந்தம் கொடுத்தார்கள்.

2023 அக்டோபரிலேயே நீட்டிப்பு கொடுத்திருந்தால் ஜூலை முதல் தேதியே 35.1 ஏட்டில் ஏறியிருக்கும். ஜார்ஜுக்கு அதிகபட்சம் 40தான் இருந்திருக்கும். 9 குறைவு. அவ்வளவுதான், ஜார்ஜ் வந்திருக்க மாட்டார்.

வரிசை தவறினால் எல்லாம் கெடும். முதலில் மேக்ஸிக்கு ஜூன் கடைசிக்குள் குவாலிஃபையிங் ஆஃபர் (ஓர் ஆண்டு ஒப்பந்தம் தருவதாக எழுதிக் கொடுப்பது), இல்லாவிட்டால் அவர் கட்டுப்பாடற்ற ஃப்ரீ ஏஜென்ட், எந்த அணிக்கும் போகலாம். பிறகு டோபையஸ் ஹாரிஸின் உரிமையைக் கைவிட வேண்டும், ஏனென்றால் அவருடைய ஹோல்ட் மட்டும் 49.2. பால் ரீடை விடுவிக்க வேண்டும். அடுத்து ஜார்ஜ், மார்ட்டின், டிரம்மண்ட். இடம் தீர்ந்த பிறகு, அப்படிப்பட்ட அணிக்குக் கிடைக்கும் விதிவிலக்கான ரூம் எக்ஸெப்ஷன் 8.0ல் ஊப்ரே. கடைசியில் மேக்ஸி. மினிமம் (குறைந்தபட்சச் சம்பள) ஒப்பந்தங்கள் எப்போது வேண்டுமானாலும் போடலாம்.

ரீட் விஷயம் பலருக்குத் தெரியாது. யூட்டா அவருக்குக் கொடுத்த ஆஃபர் ஷீட்டில் (வெளி அணி எழுதித் தரும் ஒப்பந்தம்; பழைய அணி அதை அப்படியே ஏற்று, அதாவது மேட்ச் செய்து, வீரரை வைத்துக்கொள்ளலாம்), அணி முதல் சுற்றைத் தாண்டினால் அடுத்த ஆண்டுகளின் சம்பளம் உறுதியாகும் என்று ஒரு நிபந்தனை. பிலடெல்ஃபியா அதை அப்படியே மேட்ச் செய்தது. 2024ல் நியூயார்க்கிடம் முதல் சுற்றிலேயே தோற்றதால் 7.7ஐ ஒரு காசு செலவில்லாமல் இறக்க முடிந்தது.

ஆறாவதுஆள்:

கூட்டல் கழித்தலில் தப்பில்லை. அந்தக் கூட்டலில் வராத செலவைத்தான் நான் கேட்கிறேன்.

எம்பீட், ஜார்ஜ், மேக்ஸி மூவருக்கும் சேர்த்து 135.7. கேப்போ 140.6. கேப்புக்குக் கீழே இறங்கிய நிமிடமே, கேப்பைத் தாண்டியும் ஆள் எடுக்க உதவும் விதிவிலக்குகளான 12.8 மிட்லெவல், 4.7 பை-ஆனுவல், இருந்த டிரேட் எக்ஸெப்ஷன்கள் எல்லாம் போச்சு. பதிலுக்குக் கிடைத்தது 8.0 ரூம் எக்ஸெப்ஷன். மீதிப் பட்டியலை லவ்ரி, எரிக் கார்டன், ரெஜி ஜாக்சன், யாபுசெலே என்று மினிமத்தில் நிரப்ப வேண்டியதாயிற்று.

இதில் யாபுசெலே கதையைப் பாருங்கள். ஒரு வருட மினிமம் ஒப்பந்தம். நன்றாக ஆடினார். 2025 கோடையில் அவரை வைத்துக்கொள்ள பிலடெல்ஃபியா கையில் இருந்தது நான்-பேர்ட் உரிமை மட்டும், அதாவது மினிமத்தை ஒட்டிய தொகையில் 120 சதவீதம். நியூயார்க் 2 ஆண்டுக்கு 12 கொடுத்துக் கூட்டிப்போய்விட்டது. மினிமத்தில் ஆள் எடுத்தால் இப்படித்தான். சரியாக ஆடாதவர் தங்குவார், நன்றாக ஆடியவர் போய்விடுவார்.

அடுத்து ஒப்பந்த நீளம். கையெழுத்திடும்போது ஜார்ஜுக்கு 34 வயது. 49.2, 51.7, 54.1, 56.6. நாலாவது ஆண்டு இருப்பதா போவதா என்ற ஆப்ஷனும் அவர் கையில். அந்த நாலாவது ஆண்டில் அவருக்கு 37. கிளிப்பர்ஸ் இந்த நீளத்துக்கு ஒப்புக்கொள்ளாமல் அவரைப் போக விட்டது. அதனால் ஏப்ரன் கோடுகளுக்கு (கேப்புக்கு மேலே, தாண்டினால் தடைகள் வரும் இரண்டு வரம்புகள்) கீழே வந்து, மிட்லெவலைப் பயன்படுத்தி டெரிக் ஜோன்ஸ் ஜூனியரை எடுத்தது. அந்த சீசன் கிளிப்பர்ஸ் 50-32, பிலடெல்ஃபியா 24-58.

கேப்கணக்கு:

24-58ஐ இங்கே கொண்டுவருவது சரியில்லை. எம்பீட் ஆடியது 19 ஆட்டம், ஜார்ஜ் 41, மேக்ஸி 52. மிட்லெவலில் வரும் எந்த வீரரும் அந்த ஓட்டையை அடைத்திருக்க மாட்டார்.

12.8ஐ இழந்தார்கள் என்கிறீர்கள். அதற்குப் பதில் கிடைத்தது 61 இடம். கேப்புக்கு மேலேயே இருந்திருந்தால் என்ன செய்திருக்கலாம்? ஹாரிஸின் பேர்ட் உரிமையை வைத்து அவருக்கே மறுபடி பணம் கொடுத்திருக்கலாம். டெட்ராய்ட் அவருக்கு 2 ஆண்டுக்கு 52 கொடுத்தது. அந்தப் பணத்துக்கு ஹாரிஸா ஜார்ஜா என்று கேட்டால் 2024 ஜூலையில் லீக்கில் ஒரு பொது மேலாளர்கூட ஹாரிஸ் என்று சொல்லியிருக்க மாட்டார்.

கே.ஜே. மார்ட்டினையும் மறக்க வேண்டாம். ஹோல்ட் சின்னது, பேர்ட் உரிமை உண்டு. எல்லாம் முடிந்த பிறகு அவருக்கு 2 ஆண்டுக்கு 16, இரண்டாம் ஆண்டு உறுதியில்லாதது. அவர் ஆட்டத்துக்குத் தகுந்த சம்பளம் என்று கொடுத்ததில்லை அது. டிரேடில் சம்பளப் பொருத்தம் காட்ட 8.0 அளவில் ஒரு ஒப்பந்தம் தேவைப்பட்டது, அதற்காக. மூன்று பெரிய சம்பளமும் மற்றதெல்லாம் மினிமமுமாக இருக்கும் அணிக்கு நடுத்தர ஒப்பந்தம் ஒன்றாவது இல்லாவிட்டால் டிரேட் பேசவே முடியாது.

ஆறாவதுஆள்:

அந்த 8.0ஐ வைத்து என்ன வந்தது? 2025 பிப்ரவரியில், சம்பளம் அதிகமான அணி லீக்குக்குக் கட்டும் வரியைக் குறைக்க, இரண்டாம் சுற்று டிராஃப்ட் தேர்வுகளையும் சேர்த்துக் கொடுத்து அவரை டெட்ராய்டுக்கு அனுப்பினார்கள்.

வரிக்கோடு:

இருவருக்கும் வணக்கம். கேப் இடம் வேண்டாம் என்றால் மிச்சம் இருப்பது டிரேட். அதன் விலையையும் எழுதுங்கள். ஃபீனிக்ஸ் 2023ல் டுரான்டுக்காகப் பிரிட்ஜஸ், கேம் ஜான்சன், கிரவ்டர், நாலு முதல் சுற்றுத் தேர்வுகள், போதாததற்கு 2028 ஸ்வாப் (தேர்வை மாற்றிக்கொள்ளும் உரிமை) கொடுத்தது. பிறகு பிராட்லி பீலையும் எடுத்தது. விளைவு இரண்டாம் ஏப்ரன். அங்கே போனால் இரண்டு சம்பளத்தைக் கூட்டி ஒரு பெரிய சம்பளத்துக்கு மாற்ற முடியாது, பணம் அனுப்ப முடியாது, டாக்ஸ்பேயர் மிட்லெவலும் இல்லை, ஏழு ஆண்டு தள்ளியிருக்கும் முதல் சுற்றுத் தேர்வு உறைந்துவிடும். 2024-25ல் 36-46, பிளேஆஃப் இல்லை. பீலை விடுவித்தபோது மீதிச் சம்பளத்தை நீட்டிப் பரப்பியதில் ஐந்து சீசனுக்கு ஆண்டுக்குச் சுமார் 19.4 ஏட்டில் நிற்கிறது. பிலடெல்ஃபியா ஜார்ஜுக்காக ஒரு தேர்வுகூடக் கொடுக்கவில்லை. மெக்கெய்ன் கையில் இருந்தார். மறு ஆண்டு மூன்றாவது தேர்வாக எட்ஜ்கோம்ப் வந்தார்.

ஆறாவதுஆள்:

ஃபீனிக்ஸைக் கெடுத்தது பீல், அதுவும் டிரேட் மறுப்பு உரிமையோடு வந்த பீல். டிரேட் என்ற வழியே தப்பு என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

மயாமி 2019ல் ஜிம்மி பட்லரை எடுத்ததைப் பாருங்கள். கேப் இடம் சுத்தமாக இல்லை. பழைய அணி கையெழுத்து வாங்கி உடனே அனுப்பிவைக்கும் சைன் அண்ட் டிரேட். ஜாஷ் ரிச்சர்ட்சன் பிலடெல்ஃபியாவுக்கு, வைட்சைட் போர்ட்லாந்துக்கு. போர்ட்லாந்திலிருந்து மேயர்ஸ் லெனார்ட் வர, ஹார்க்லெஸை ஒரு முதல் சுற்றுத் தேர்வோடு கிளிப்பர்ஸுக்குத் தள்ளினார்கள். பட்லருக்கு முதல் ஆண்டு 32.7. சைன் அண்ட் டிரேடில் வீரரைப் பெறும் அணிக்கு ஏப்ரன்தான் தாண்ட முடியாத சுவர், அந்த ஆண்டு 138.9. அதனால்தான் அத்தனை அணிகளைச் சேர்த்து டாலர் டாலராகக் கணக்குப் போட வேண்டிவந்தது. ஆனால் அடெபாயோ இருந்தார், ஹீரோ இருந்தார், டிராகிச் இருந்தார். அடுத்த ஆண்டே இறுதிச் சுற்று.

கேப் இடம் உண்டாக்கும் வழியில் இன்னொரு ஆபத்து, வீடு காலியான பிறகு நட்சத்திரம் வர மறுப்பது. ஹூஸ்டன் 2014ல் கிறிஸ் பாஷுக்காக அசிக்கை விற்றது, ஜெரமி லின்னோடு ஒரு முதல் சுற்றுத் தேர்வையும் லேக்கர்ஸுக்குக் கொடுத்தது. அதற்கு முன்பே, வெறும் 0.96 சம்பளத்தில் இருந்த பார்சன்ஸின் ஆப்ஷனை விட்டுவிட்டு, அவரைக் கட்டுப்பாடுள்ள ஃப்ரீ ஏஜென்ட் ஆக்கியிருந்தது. ஹோல்ட் சின்னது, பாஷ் கையெழுத்திட்ட பிறகு மேட்ச் செய்துகொள்ளலாம் என்ற திட்டம். மேக்ஸி திட்டமேதான். டல்லஸ் 3 ஆண்டு, 46க்கு ஆஃபர் ஷீட் கொடுத்தது. பதில் சொல்ல ஹூஸ்டனுக்கு மூன்று நாள். அதற்குள் பாஷ் 5 ஆண்டு, 118க்கு மயாமியிலேயே தங்கிவிட்டார். ஹூஸ்டன் மேட்ச் செய்யவில்லை. பாஷும் இல்லை, பார்சன்ஸும் இல்லை, லின்னும் இல்லை.

லேக்கர்ஸ் 2019ம் அப்படியே. கவாய்க்கு 32 இடம் வேண்டும் என்று வாக்னர், போங்கா, ஜெமெரியோ ஜோன்ஸ் மூவரையும் வாஷிங்டனுக்கு அனுப்பினார்கள், ஆந்தனி டேவிஸ் தன் 4 மில்லியன் டிரேட் போனஸை விட்டுக்கொடுத்தார். கவாய் கிளிப்பர்ஸுக்குப் போனபோது சந்தையில் பாதிப் பேர் வேறு அணிகளில் சேர்ந்துவிட்டார்கள்.

கேப்கணக்கு:

பார்சன்ஸ் உதாரணம் நல்லது, ஆனால் அதில் ஒரு வேறுபாடு இருக்கிறது. மேக்ஸி அதிகபட்சச் சம்பள வீரர். வெளி அணி ஆஃபர் ஷீட் கொடுத்தால் அதிகபட்சம் 4 ஆண்டு, 5 சதவீத உயர்வு. பிலடெல்ஃபியா 5 ஆண்டு, 8 சதவீதம் தரலாம். மேக்ஸி வெளியே கையெழுத்திட ஒரு காரணமும் இல்லை. பார்சன்ஸுக்கோ தன் அணி என்ன தரும் என்று உறுதியில்லை, டல்லஸ் கையில் பணத்தோடு வந்தது. ஹோல்டை நம்பி இந்த ஆட்டம் ஆட வேண்டுமானால் அந்த வீரர் அதிகபட்சத்துக்குத் தகுதியானவராக இருக்க வேண்டும், அதை அவரிடம் நேராகச் சொல்லியிருக்க வேண்டும். சான் அன்டோனியோ 2015ல் கவாயின் 7.2 ஹோல்டை வைத்து ஆல்ட்ரிட்ஜை எடுத்ததும் இதே முறைதான். அங்கேயும் ஒன்றும் உடையவில்லை.

மயாமியின் 2019 வழி இன்றும் குறுகல்தான். முதல் ஏப்ரனுக்கு மேலே இருக்கும் அணி சைன் அண்ட் டிரேடில் யாரையும் பெற முடியாது. 2024-25ல் அந்தக் கோடு 178.1.

பிக்அண்ட்ரோல்:

மில்வாக்கி 2025 பற்றி ஏன் யாரும் பேசவில்லை? அங்கே ஹோல்டை வைத்துச் செய்த வித்தை இல்லை. லில்லர்டை விடுவித்து, அவருடைய மீதி இரண்டு ஆண்டுச் சம்பளம் 112.6ஐப் பரப்பினார்கள். விதிப்படி மீதி ஆண்டுகளை இரட்டித்து ஒன்று கூட்ட வேண்டும், ஆக ஐந்து. ஆண்டுக்கு 22.5. 2025-26ல் 54.1 இருக்க வேண்டிய இடத்தில் 22.5. ஒரே நாளில் 31.6 இறங்கியது. கானட்டனை இரண்டாம் சுற்றுத் தேர்வுகளோடு ஷார்லட்டுக்கு அனுப்பினார்கள். இண்டியானாவிலிருந்து மைல்ஸ் டர்னர், 4 ஆண்டுக்குச் சுமார் 108. லில்லர்டின் குதிகால் தசைநார் அறுந்திருந்தது, எப்படியும் அந்த சீசன் ஆட மாட்டார். யானிஸ் இருக்கும்போது ஓர் ஆண்டை வீணாக்காமல் செய்த வேலை இது.

வரிக்கோடு:

இதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். 2029-30 வரை ஆடாத ஆளுக்கு ஆண்டுக்கு 22.5. டர்னரின் முதல் ஆண்டு சுமார் 25. இரண்டையும் சேர்த்தால் ஒரு சென்டருக்கு ஏட்டில் 47க்கு மேல் நிற்கிறது. பரப்பிய பணம் எந்த ஆண்டிலும் கேப்பில் 15 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று விதி. 2025-26 கேப் 154.6, அதில் 15 சதவீதம் 23.2. மில்வாக்கி 22.5ஐ ஒரே அடியில் தின்றுவிட்டது. இன்னொரு ஒப்பந்தம் கெட்டுப்போனால் பரப்ப இடம் ஏறக்குறைய இல்லை. முடிகிற ஒப்பந்தமாக லில்லர்டை 2026-27 வரை வைத்திருந்தால் அவரே ஒரு பெரிய டிரேடுக்கான சம்பளப் பொருத்தம். பரப்பிய பணத்தை யாருக்கும் டிரேட் செய்ய முடியாது.

பிக்அண்ட்ரோல்:

கேப் ஏற ஏற 22.5இன் பங்கு குறையுமே.

வரிக்கோடு:

குறையும். ஆனால் யானிஸ் ஆடப்போகும் நல்ல ஆண்டுகளும் அதே ஐந்துக்குள்தான் வருகின்றன.

ஆறாவதுஆள்:

பிலடெல்ஃபியாவுக்கே வருகிறேன். கேப்கணக்கு சொல்வது போல இடம் உண்டாக்கியது திறமைதான் என்று வைத்துக்கொண்டாலும், 61ஐ ஒரு 34 வயதுக்காரருக்கு முழுக்கக் கொடுத்தாக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. இடம் இருக்கும் அணி சம்பளப் பொருத்தம் இல்லாமலே டிரேடில் வீரர்களை வாங்கலாம். ஏப்ரனுக்குத் தப்ப நினைக்கும் அணிகள் 15, 20 சம்பளமுள்ள நல்ல வீரரோடு தேர்வும் சேர்த்துத் தரும். மூன்று பேரை அப்படி வாங்கியிருந்தால் நடுத்தர ஒப்பந்தங்களும் கிடைத்திருக்கும், அவர்களுடைய பேர்ட் உரிமையும் கூடவே வந்திருக்கும்.

ஜார்ஜ்தான் வேண்டும் என்றால் மூன்று ஆண்டில் நிறுத்தியிருக்க வேண்டும்.

கேப்கணக்கு:

மூன்று ஆண்டு என்றால் அவர் லாஸ் ஏஞ்சலிஸிலேயே இருந்திருப்பார். நாலாவது ஆண்டுதான் அவரை நகர்த்திய விலை. அதைக் கொடுக்காமல் அவரை எடுத்திருக்கலாம் என்பது கணக்கில் வராது.

என் குறை வேறு இடத்தில். 2024 செப்டம்பரில், சீசன் தொடங்கும் முன்பே, எம்பீட்டுக்கு மேலும் 3 ஆண்டு நீட்டிப்பு கொடுத்தார்கள். அவருடைய பழைய ஒப்பந்தத்தில் அப்போதே இரண்டு சீசன் உறுதியாக இருந்தது. ஓர் ஆண்டு முழங்காலைப் பார்த்துவிட்டு 2025 கோடையில் பேசியிருக்கலாம். ஜார்ஜும் மேக்ஸியும் 2026-27ல் 54.1, 40.8. அதன் மேல் எம்பீட். கிரைம்ஸ் விஷயத்தில் கை கட்டப்பட்டது இதனால். டல்லஸிலிருந்து கேலப் மார்ட்டினைக் கொடுத்து வாங்கிய நல்ல வீரர், 2025ல் நீண்ட ஒப்பந்தம் ஒத்துவராமல் 8.7 குவாலிஃபையிங் ஆஃபரில் கையெழுத்திட்டார். அப்படிக் கையெழுத்திட்டவரை அந்த சீசன் அவர் சம்மதம் இல்லாமல் டிரேட் செய்ய முடியாது, 2026ல் அவர் கட்டுப்பாடற்ற ஃப்ரீ ஏஜென்ட்.

ஆறாவதுஆள்:

எம்பீட் நீட்டிப்பைப் பற்றி ஒத்துப்போகிறேன். ஆனால் ஜார்ஜின் 51.7 ஏட்டில் இல்லாமல் இருந்திருந்தால் கிரைம்ஸுக்கு நீண்ட ஒப்பந்தம் கொடுத்த பிறகும் யாபுசெலேவுக்கு நியூயார்க் கொடுத்ததைக் கொடுத்திருக்கலாம். அந்த இருவரையும் சேர்த்து 2025-26ல் 25க்குள் முடித்திருக்க முடியும் என்று நினைக்கிறேன்.